ஏலத்தில் எடுத்த வீட்டுக் கிணறு

யூன் 4, செவ்வாய்

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து வாய்க்குள் மண். கொடியில் போட்ட சேலை இரண்டையும் மறுபடி தோய்க்க வேண்டும்.

இன்று சோனகத் தெருவில் ஏலம். கோர்ட்டுப் பிஸ்கால் கந்தோர் ஆட்கள் பறை அடித்து, வீட்டு வாசலிலேயே வைத்து முடித்துவிட்டார்கள். மத்தியானம் கயித்தான் ஓடி வந்தான். என் காலஞ்சென்ற கணவரின் தம்பி. தீவுக்கு வெளியே நானாட்டானில் வயல் பார்த்தவன், இப்போது வீடு பார்க்கிறான்.

"வீடு எங்களுக்கு விழுந்திட்டுது, மச்சாள்!"

எங்களுக்காம். பணம் முழுக்க என்னுடையது. இருபத்திரண்டு வருடம் அரசாங்க மருத்துவிச்சியாக இந்தத் தீவு முழுக்க நடந்து, ஓய்வு எடுத்தபோது கையில் வந்த பணம். அவன் சொன்ன ஏற்பாடு: கடனில் மூழ்கின வீட்டை ஏலத்தில் மலிவாக எடுப்பது, திருத்துவது, நல்ல விலைக்கு விற்பது. முதல் என்னுடையது, ஓட்டம் அவனுடையது, லாபம் பாதிக்குப் பாதி.

நான் ஏலத்துக்குப் போகவில்லை. போக முகமில்லை. அது ஆமினாவின் வீடு. புருசன் தோணி வாங்க வீட்டைச் செட்டியாரிடம் ஈடு வைத்தார். தோணி கடலோடு போனது, அடுத்த வருடம் அவரும் போனார். அவளின் மூன்று பிள்ளைகளையும் அந்த நடு அறையில் வைத்துப் பிறப்பித்தவள் நான்.

எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்றேன்.

"ஊராக்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. வீட்டுக்காரர் உள்ளுக்கு இருக்கேக்கை வாசல்லை நிண்டு விலை கேக்கிறது இஞ்சை வழக்கமில்லையாம். எங்களுக்கு நல்லதாப் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீட்டைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்லவில்லை.

யூன் 7, வெள்ளி

ஆமினா பிள்ளைகளோடு பின்தெருவில் தங்கச்சியின் கிடுகு வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள். என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திராது.

மேசன் அந்தோனி வந்து பார்த்தான். வேலைகள்:

– கூரை. கைமரம் ஐந்து உக்கல். கிடுகை எடுத்துவிட்டு ஓடு.
– முருகைக்கல் சுவர் நல்லது. சாந்துதான் உதிர்கிறது. சுண்ணாம்பு இரண்டு தரம்.
– பின்கதவு இல்லை. (எங்கே போனது? ஒருவருக்கும் தெரியாதாம்.)
– குசினி முழுக்கப் புதிது.

கூலி கேட்டான். கோவில் கட்டவா கேட்கிறாய் என்றேன். "சும்மா பேசாதேங்கோ மிசியம்மா, ஓடு யாழ்ப்பாணத்திலை இருந்து வரோணும்" என்றான். மருத்துவிச்சி வேலையை விட்டும் ஊருக்கு நான் மிசியம்மாதான். எல்லோருக்கும் எல்லாம் எங்கிருந்தோ வர வேண்டும். பணம் மட்டும் என்னிடமிருந்து.

கிணற்றைச் சொல்ல மறந்தேன். வீட்டின் உயிரே அதுதான். சோனகத் தெருவில் மற்றக் கிணறெல்லாம் சவர். பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. இந்த ஒன்றில் மட்டும் நல்ல தண்ணி. தெருவே இங்கே வந்துதான் குடம் நிரப்பும். இன்றும் ஏழெட்டுப் பெண்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி பிள்ளையைத் தூக்கி மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளையும் என் கையால் பிறந்ததுதான்.

யூன் 15, சனி

முழங்கால் வலி. நல்லெண்ணெய் முடிந்தது.

கயித்தான் (இனி க. தான், முழுப் பெயருக்கு மை வீண்) கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பி, கதவு போட்டு, பூட்டும் போட்டுவிட்டான். தெரு அள்ளுகிற கிணற்றுக்கு ஒருவனும் நல்ல விலை தரமாட்டானாம். தனிக் கிணறு என்றால் விலை ஒன்றரை மடங்காம்.

என்னைக் கேட்டுத்தான் செய்தான். அதை எழுதாமல் விடக்கூடாது. நான் "ஓம்" என்றேன்.

பின்னேரம் கதவடியில் ஐந்து பெண்கள். வெறும் குடங்கள். "மிசியம்மா, குடிக்கிற தண்ணிக்கு நாங்க எங்க போறது?"

கோட்டைப் பக்கத்துக் கிணறு இருக்கிறதே என்றேன். ஒரு மைல். சொன்ன பிறகுதான் தெரிந்தது என்ன சொன்னேன் என்று. நான் ஏன் இப்படிப் பதில் சொல்லும் மனுசி ஆனேன்? க. பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறான், உபதேசியார் மாதிரி.

யூன் 24, திங்கள்

பணம் முடிந்தது. ஓடு பாதிக் கூரையில் நிற்கிறது.

க. என்னைச் செட்டியாரிடம் கூட்டிப்போனான். ஆமினாவின் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்த அதே செட்டியார். பாயில் இருந்தபடி, "வாங்க அம்மா, மோர் சாப்பிடறீங்களா, காப்பி போடச் சொல்லட்டா?" என்ன மரியாதை. நல்ல மோர். குடித்துவிட்டு, பள்ளிமுனையில் நான் இருக்கும் வீட்டு உறுதிப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன். என் கணவர் கல்லுக் கல்லாகக் கட்டிய வீடு. ஆகஸ்ட் முடிய முதலும் வட்டியும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பறைக்காரன் என் வாசலுக்கும் வருவான்.

நொத்தாரிசு தான் எழுதிய ஈட்டுப் பத்திரத்தை ஒரே மூச்சில் வாசித்தார். பாதி விளங்கவில்லை. கையெழுத்து வைத்தேன். கட்டாயம் விளங்க வேண்டியதை ஏன் மனிதருக்கு விளங்கும்படி எழுதுகிறார்கள் இல்லை?

வரும் வழியில் க. சொன்னான்: "பயப்பிடாதேங்கோ மச்சாள். ஒரு மாதத்திலை வித்துத் தாறன்." அவன் பயப்படத் தேவையில்லைதான். அவனுக்கு இழக்க ஒரு கதிரைகூட இல்லை.

யூலை 2, செவ்வாய்

காற்று இன்னும் அடங்கவில்லை. மழை இல்லை. கிணற்றில் தண்ணி முழங்கால் அளவு.

தலைமன்னார்ப் பாலத்தடியில் வேலை பார்க்கும் ஒரு கிளாக்கர் வீட்டை வந்து பார்த்தார். தண்ணியைக் குடித்துப் பார்த்தார். இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலைப் பார்க்க முந்திக் கிணற்றடிக்குத்தான் போவார்கள். ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றப் பேச்சு. தண்ணி நல்லது, ஆனால் அளவு காணாது என்றார். தென்னை வைக்க வேண்டுமாம். தண்ணி கூடினால் எடுக்கிறேன், பத்து நாளில் வருகிறேன் என்றார்.

க. உடனே: ஆழமாக்குவோம். "நானாட்டானிலை கிண்டக் கிண்டத் தண்ணி ஊறும், மச்சாள்."

அவன் போன கையோடு ஆமினா வந்தாள். எப்படித் தெரிந்ததோ. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே:

"கிணத்தக் கிண்டப் போறீங்களாம். அடியில ஒரு கல்லுப் படை கிடக்கு. அத உடைக்க வேணாம். எங்கட மாமா தோண்டக்குள்ள அதோட நிப்பாட்டினவர்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் கேட்டிருப்பேன். நிறுத்தவில்லை.

"தெருவுக்குத் தண்ணி குடுக்காம மதில் கட்டினீங்க. இனி அல்லாஹ் குடுக்கிற தண்ணியையும் விட மாட்டீங்களோ?"

எனக்கு வந்த கோபம்! ஊரைவிட்டா ஓட்டினேன் உன்னை? கடன் வைத்தது உன் புருசன். நான் எடுக்காவிட்டால் வேறு ஒருவன் எடுத்திருப்பான். எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

எரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். க.விடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யூலை 9, செவ்வாய்

கிணறு வெட்ட நான்கு பேர். கூலி, சாப்பாடு, பீடி எல்லாம் என் கணக்கு.

இரண்டு மணிக்குக் கல் வந்தது. அலவாங்கால் இடித்து மூன்று மணி நேரம். உடைந்ததும் தண்ணி குபுகுபுவென்று ஏறியது. உள்ளே நின்றவன் கத்திக்கொண்டு கயிற்றில் தொங்கி மேலே வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். க. வேட்டியோடு குதிப்பான் போல் இருந்தது.

நானும் சிரித்தேன். செட்டியாரின் முகம் மனத்திலிருந்து கொஞ்சம் விலகியது.

யூலை 10, புதன்

சவர்.

கழுவக்கூட ஆகாது. ஒரு வாய் வைத்துத் துப்பினேன். மறுபடி அள்ளி மறுபடி துப்பினேன். எத்தனை தரம் அள்ளினாலும் கடல்தான் வருகிறது.

மேசன் அந்தோனி வந்து எட்டிப் பார்த்தான். "என்ன மிசியம்மா, இது தெரியாதே? மழைத் தண்ணி மேலை நிக்குது, கடல் கீழை நிக்குது. நடுவிலை உந்தக் கல்லுத்தான்." நேற்றுக் கல்லுடைக்கும்போது அவன் கூரையில் நின்று ஓடு வேய்ந்துகொண்டிருந்தான். வாய் அப்போது எங்கே போனது?

க.வுக்குத் தெரியாது, சரி. வயல்காரன், குளத்துத் தண்ணியில் வளர்ந்தவன். எனக்கு? இருபத்திரண்டு வருடம் இந்த மண்ணில் தண்ணி குடித்திருக்கிறேன். அதைவிட, வாசலில் வந்து நின்று ஒருத்தி சொல்லிவிட்டும் போனாள். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைத் தூக்கி மதிலில் அடித்தேன். வாளி நெளிந்தது. புது வாளி.

யூலை 13, சனி

கிளாக்கர் வந்தார். ஒரு வாய். கொப்பளித்துத் துப்பினார். புது ஓட்டைப் பார்க்கவில்லை, சுண்ணாம்பைப் பார்க்கவில்லை. "கடலுக்கு உறுதி எழுதி விக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யூலை 21, ஞாயிறு

முதல் பூசை முடிந்து வந்தால் முற்றம் எல்லாம் சேறு. வண்டித் தடம். நான் இருக்கும் இந்தப் பள்ளிமுனை வீட்டுக் கிணறு அடிதெரிய வற்றிக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டில் கேட்டேன். கயித்தான் நேற்றுப் பின்னேரமும் இன்று காலையும் இரண்டு மாட்டு வண்டியில் பீப்பா பீப்பாவாக அள்ளிக்கொண்டு போனானாம். நேற்று நான் தாழ்வுபாட்டில் ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் போய், நன்றாக இருட்டின பிறகுதான் வந்தேன். இன்று கோவிலில். நேரம் பார்த்துத்தான் செய்திருக்கிறான்.

மத்தியானம் வந்தான். வெட்கம் என்று ஒன்று அவன் முகத்தில் இல்லை.

"அங்கை கிணத்துக்குள்ளை ஊத்தியிருக்கிறன். நல்ல தண்ணி மேலை மிதக்கும். அந்தோனிதானே சொன்னவன். நாளைக்கு ஒரு வாத்தியாரும் பெண்சாதியும் வருகினம். ஒரு வாய் குடிப்பினம், கையெழுத்து வைப்பினம். பிறகு அவையின்ரை பாடு."

கள்ளன் என்றேன். என் தண்ணியைத் திருடின கள்ளன், இன்னொருவன் பணத்தைத் திருடப்போகிற கள்ளன்.

"அப்ப உங்கடை வீட்டை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான்.

அவனை வெளியே போ என்றேன். போகும்போது நாளைக்குப் பத்து மணி என்று சொல்லிவிட்டுப் போனான்.

யூலை 22, திங்கள்

பத்து மணி. வாத்தியார் சின்னப் பெடியன். பெண்சாதிக்கு ஏழு மாதம், என் கண்ணுக்கு ஏழரை. காலில் வீக்கம். இருவரும் வாடகை அறையில் இருக்கிறார்களாம். சீதனப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து வீடு தேடுகிறார்கள்.

க. கிணற்றுக் கதவைத் திறந்தான். புதுக் கயிறு, சின்ன வாளி. வேண்டுமென்றே சின்ன வாளி. மேலாகக் கோலி அள்ளிக் கொடுத்தான்.

அந்தப் பிள்ளை குடித்தது. தாகம் போல. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் புருசனைப் பார்த்துச் சிரித்தது. "நல்ல தண்ணி, என்ன?"

நேற்று இரவு முழுக்க வட்டி, தவணை, பறை என்று யோசித்துவிட்டுத்தான் வந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் வந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எல்லோர்மேலும்.

"பிள்ளை, நீங்கள் குடிச்சது என்ரை வீட்டுக் கிணத்துத் தண்ணி. இந்த வீட்டுத் தண்ணி அடியிலை கிடக்கு."

க.வின் கையிலிருந்து கயிற்றைப் பறித்தேன். வாளியை அடிமட்டும் விட்டு, ஆட்டி, நிரப்பித் தூக்கினேன். வாத்தியார் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்ல தண்ணி வேணும் எண்டால் பள்ளிமுனைக்கு வாங்கோ. என்ரை வீட்டை வித்துத் தாறன். செட்டியாரிட்டை ஈட்டிலை இருக்கு, அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. க. தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டான்.

யூலை 26, வெள்ளி

நொத்தாரிசு கந்தோர். இந்த முறை ஒவ்வொரு வரியாக நிறுத்தி விளக்கச் சொன்னேன். அவருக்குப் பொறுமையில்லை. இருக்கட்டும்.

செட்டியாருக்கு முழுக்கக் கட்டியாயிற்று. மீதி கைக்குள் அடங்கும். பள்ளிமுனை வீடு வாத்தியாருக்கு. அந்தப் பெண் கிணற்றடியில் நின்று எட்டி எட்டிப் பார்த்தது. ஊற்றுத் தண்ணி பழையபடி ஏறியிருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். காசு வேண்டாம் என்றேன், பிறகு அதற்கும் என்மேல் கோபம் வந்தது.

க. வந்து தன் ஓட்டத்துக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டான். பாதிக்குப் பாதிதானே பேச்சு என்றான்.

"ஓம், பாதி தாறன். கிணத்திலை பாதி. மேல்பாதியோ கீழ்ப்பாதியோ, நீயே எடு."

போய்விட்டான். நானாட்டான் வண்டிக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

சோனகத் தெரு வீட்டுக்குக் குடிவந்து மூன்று நாள். அலுமாரி வாசலால் நுழையவில்லை, முற்றத்தில் நிற்கிறது. புது ஓடு. புதுச் சுண்ணாம்பு மணம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

குடிக்கத் தண்ணி இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கத்துக் கிணற்றுக்கு நடந்தேன். ஒரு மைல் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். காற்று, மண், முழங்கால். இரண்டு இடத்தில் குந்தி எழும்பினேன்.

வரிசையில் பதினொரு குடம். எல்லாம் எங்கள் தெருப் பெண்கள். ஆமினா நடுவில்.

ஒருத்தி, "வயசான ஆள், மிசியம்மாவ முன்னுக்கு விடுங்க" என்றாள்.

ஆமினா திரும்பவில்லை. "கடைசியா வந்தவ கடைசியா அள்ளட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். பிறகு குடத்தைக் கீழே வைத்துக் கடைசியில் நின்றேன்.

என் முறை வரும்போது கிணற்றில் மிஞ்சியது கலங்கல். அரைக் குடம். துணியில் வடித்துத்தான் உலை வைக்க வேண்டும்.