கருப்புப் பொத்தான்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

நூலகத்தில் இப்போது நான் பைண்டிங் செய்வது ஒரு பழைய சகோதர சங்கத்தின் விதிநூல். கடவுள் முன் எல்லோரும் சமமாம். அதனால் தலைவன் ஆண்டுக்கு ஒருவன். பெட்டியில் வெள்ளைக் கோலி போட்டால் சம்மதம், கருப்பு போட்டால் மறுப்பு. நாடாளும் யோசனைகள் சில இப்படிப்பட்ட கூடங்களில்தான் வளர்ந்தன என்றார் நூலகர்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. நம் பிரார்த்தனைச் சங்கத்தில் இதைச் சொல்லிவிட்டேன். ஒன்பது வருடமாகத் தலைவராக இருக்கும் உன் அண்ணன் சிரித்தார். "வச்சுட்டா போச்சு, மாப்ளே."

ஞாயிறன்று பெட்டி வந்தது. கோலிக்குப் பதிலாகத் தட்டு நிறைய வெள்ளைப் பொத்தான்கள்.

"கருப்பு கெடைக்கல. யாருக்காவது வேணுமா?" என்றார். எல்லோரும் தட்டுக்குக் கை நீட்டினார்கள்.

எண்ணியபோது பதினெட்டு வெள்ளை, ஒரு கருப்பு. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, சட்டையைத்தான் பார்க்கிறார்.

பயப்படாதே. இந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடுதான் திரிகிறேன். நீ தைத்துத் தந்த சட்டைக்கு அதே மாதிரிப் பொத்தான் அனுப்பு. நூலக முகவரிக்கே அனுப்பு. அவர் வீட்டு மாடியில் என் அறைக்கு வரும் தபாலை உன் அண்ணன்தான் பிரிக்கிறார். பாப்பாவை ஒரு வரி எழுதச் சொல்.

படியில் அவர் குரல் கேட்கிறது, நிறுத்துகிறேன். பொத்தான் இரண்டாகவே அனுப்பு. அடுத்த வருடமும் பெட்டி வைப்பார்கள்.