எல்லா நாடுகளும் கை உயர்த்திய மண்டபம்

இன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்ததும் மார்க்கர் பேனை மையின் வாசம் மூக்கில் ஏறியது. நம் துறையின் உலக விவகார நாளுக்காகப் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து மட்டைகளில் நாடுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். உனக்கு அந்த வாசம் ஆகாது. தலையிடி வரும் என்று வாசலிலேயே நின்று, யாருடைய எழுத்து கோணல் என்று அங்கிருந்தபடியே சொல்வாய். பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லாமல் நடக்கும் இரண்டாவது நிகழ்வு இது. போன வருடமும் இப்படித்தான் பார்த்தேன்.

பல்கலைக்கழகத்தில் சர்வதேசக் கற்கைகள் கற்பிக்க நாம் இருவரும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தோம். ஒரே அறை, எதிரெதிரே இரண்டு மேசை. வன்னியில் யாரிடமும் ஊர் கேட்டால் ஒரு பெயரோடு பதில் முடியாது. முதல் நாள் நீ கேட்டபோது, சொந்த இடம் முரசுமோட்டை, இருந்தது எல்லா இடமும் என்றேன். நீ, சொந்த இடம் முல்லைத்தீவு, வளர்ந்தது புத்தளம், இருக்கிறது வவுனியா என்றாய். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது உன் குடும்பம் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். புத்தளத்தில் வளர்ந்தும் உன் பேச்சு வன்னிப் பேச்சாகவே இருந்தது. வாப்பா வீட்டுக்குள் ஊர்ப் பேச்சைக் கைவிடவில்லை என்று பெருமையாகச் சொன்னாய்.

நாம் நடத்திய முதலாவது மாதிரிச் சபை நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக இருந்து பேச வேண்டும், முடிவில் வாக்களிக்க வேண்டும். போருக்குத் தப்பிய சனம் எல்லையில் நிற்கிறது, எல்லையைத் திறப்பதா இல்லையா என்பதுதான் நாம் கொடுத்த விடயம். மாங்குளத்துப் பெடியன் ஒருவன் ஒரு பணக்கார நாட்டுக்காக எழும்பினான். "எங்களிட்ட இடம் கனக்கக் கிடக்கு, வரட்டும். முதல்ல சாப்பாட்டைக் குடுப்பம், பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மண்டபம் கைதட்டியது. வாக்கெடுப்பில் எல்லா நாடுகளும் கை உயர்த்தின. எதிர்த்துப் பேச வேண்டிய நாடுகள்கூட உயர்த்தின. கொழும்பிலிருந்து வந்திருந்த விருந்தினர் விழுந்து விழுந்து சிரித்தார். யாருக்காகப் பேசுகிறோம் என்பதையே இவர்கள் மறந்துபோனார்கள், இது இராஜதந்திரம் அல்ல என்றார். எப்படி மறக்காமல் இருப்பார்கள்? அவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் ஏதோ ஒரு கம்பி வேலிக்கு முன்னால் நின்றவர்கள்.

எனக்கு அன்று பெருமையாக இருந்தது. உனக்கு இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "கதவைச் சாத்தினவை என்ன சொல்லிச் சாத்தினவை எண்டு தெரியாட்டி, என்னெண்டு திறக்கச் சொல்லுறது?"

அடுத்த வருடம் மறுக்கும் நாட்டின் கதிரையில் இருக்க ஒரு பிள்ளையும் முன்வரவில்லை. நீயே போய் இருந்தாய். எல்லையில் நிற்கும் சனத்துக்காகப் பேச நான் எதிரே இருந்தேன். அகதிகள் சமவாயம், சட்டம், மனிதாபிமானம் என்று படித்த எல்லாவற்றையும் கொட்டினேன். நீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாய். குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை.

"உங்கட துன்பம் எங்களுக்கு விளங்குது. உங்களில எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா இருக்கிற காணி இருக்கிற சனத்துக்கே காணாது. கொஞ்சம் பொறுங்கோ. நிலைமை சீரானதும் பார்ப்பம்."

அவ்வளவு தன்மையாகச் சொன்னாய். எனக்கே தலையாட்ட வேண்டும்போல் இருந்தது. நீ சொன்னதில் வெறுப்பு இல்லை, பொய்யும் இல்லை, பிடித்து எதிர்க்க ஒரு நுனியும் இல்லை. வாக்கெடுப்பில் எனக்காக உயர்ந்த கைகள் கொஞ்சம்தான். முதல் வருடம் ஒருமனதாக எல்லையைத் திறந்த அதே மண்டபம் இம்முறை பண்பாக மூடிவிட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

கன்ரீனில் உன்னைச் சீண்டுவதற்காகத்தான் கேட்டேன், இவ்வளவு மரியாதையாக மறுக்க எங்கே படித்தாய் என்று. நீ பிளேன்ரீக் கோப்பையைத் தள்ளிவைத்தாய்.

"படிக்கேல்லை. கேட்டனான்" என்றாய்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாய். திரும்பிப் போகலாம் என்ற காலம் வந்ததும் வாப்பா முல்லைத்தீவில் ஓர் ஊர்க்கூட்டத்துக்குப் போய்க் காணி கேட்டார். நீயும் பக்கத்தில் இருந்தாய். பழைய வளவு காடாகிக் கிடந்தது. குடியேற ஒரு துண்டு நிலம் வேண்டும் என்றுதான் கேட்டார். அப்போது ஒரு பெரியவர் எழும்பி, நீ மண்டபத்தில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. ரீ கொடுத்தார்கள். வாப்பா குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் ஒரு காலத்தில் கூடாரத்தில் கிடந்து எழும்பியவர்கள் என்றாய். அவர்கள் என் ஆட்கள், தமிழ்ச் சனம். சில வேளை என் சொந்தக்காரரும் இருந்திருப்பார்கள். வெட்கமாக இருந்தது. என்னை மன்னித்துக்கொள் என்றேன்.

"நான் உன்னட்ட மன்னிப்புக் கேக்கேல்லை. பதில் கேக்கிறன். அண்டைக்கு அந்தக் கூட்டத்தில ஒருத்தர் எழும்பி என்ன சொல்லியிருக்கலாம்? யோசிச்சுச் சொல்லு."

அதிலிருந்து அதுவே நம் இருவருக்குமான வேலையாகிவிட்டது. நான் ஒரு பதிலோடு வருவேன். நீ எதிர் மேசையிலிருந்து அந்தப் பெரியவராக மாறி, மரியாதை குறையாமல் அதைத் தோற்கடிப்பாய். வகுப்பிலும் அதையே செய்தோம். உன் பேச்சு ஒவ்வொரு வருடப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகிப் போனது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோதும் நீ விடவில்லை. குழந்தைகளை முன்வைத்து நான் ஒரு வாதம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கிடக்கு. ஆனா அவை ரீயைத் தந்து அனுப்பிப்போடுவினம்" என்றாய். நீ என்னிடம் முழுதாகப் பேசிய கடைசி வசனம் அது. பதில் இல்லாமலே உன்னை அனுப்பிவைத்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இன்று மறுக்கும் நாட்டின் கதிரையில் ஸ்கந்தபுரத்துப் பெடியன் ஒருவன் இருந்தான். உன் பேச்சை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். மண்டபம் வழக்கம்போல அடங்கியது. எதிர்ப்பக்கத்தில் முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். கையில் ஒரு தாள்கூட இல்லை.

"எப்ப?" என்று கேட்டாள்.

அவன் கொஞ்சம் யோசித்து, நிலைமை சீரானதும் என்றான்.

"ஓம், அது எப்ப? எந்த மாசம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு போறம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவனுக்கு ஆதரவாக இருந்த நாடுகளின் வரிசையிலிருந்தும் ஒரு பிள்ளை எழும்பி, அதை நாங்களும் அறிய விரும்புகிறோம் என்றது. இந்த முறை எல்லாக் கைகளும் உயரவில்லை. ஆனாலும் எல்லையைத் திறக்கும் தீர்மானம் வென்றது. இவ்வளவு காலமும் நான் உன்னிடம் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்தேனே! இந்தப் பிள்ளை கேட்டதைக் கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல முடியாமல் மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பிறகு உன் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். காணி விடயமாக அவர் இன்னும் அந்தக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அடுத்தது திங்கட்கிழமை. நானும் வருகிறேன் என்றேன்.

"நீங்க வந்து என்ன மகள் செய்யப்போறீங்கள்? அவை நல்ல ஆக்கள். ஒண்டும் பிழையாச் சொல்லமாட்டினம்."

"தெரியும் வாப்பா. அவை என்ர ஆக்கள்தானே. அவையின்ர பக்கத்தில இருந்து ஒராள் எழும்பிக் கேக்கவேணும்."

பிறகு, அவள் இருந்தால் இதையும் எதிர்த்துத்தான் கதைத்திருப்பாள் என்று சொல்லிச் சிரித்தார். உன்னை அடக்கம் செய்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது இன்றுதான்.

நீ என்னிடம் விட்டுப்போனது இந்த ஒரு வேலையைத்தான். அந்தப் பிள்ளையின் கேள்வி அங்கே எடுபடுமா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை உன் வாப்பாவுக்கு எதிர்ப்புறம், என் ஆட்களோடு இருப்பேன். அவர்கள் சொல்லி முடித்ததும் எழும்பிக் கேட்பேன். ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லும்வரை உட்காரமாட்டேன்.