ஜீவாவுக்கு, கையெழுத்துப் போடும் முன்

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜீவாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்ததும் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். எங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ பேசும்போது உன் பின்னால் யாரோ நடமாடுகிற சத்தம் கேட்கிறது, நான் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் அங்கே கிடைக்கிற மீனைப் பற்றியே பேசுகிறாய். அதனால்தான் நர்சிங் காலேஜில் உன் சீனியர் மேகலா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தன் அண்ணன் கல்யாணத்துக்கு ஜோலார்பேட்டைக்கு வந்தவள் சனிக்கிழமை பார்படோஸுக்குத் திரும்புகிறாள். அவள் வேலை செய்வது உன் முதியோர் இல்லத்தில் இல்லை, ஒரு ஆஸ்பத்திரியில் என்றாலும் அதே தீவுதானே, நேரில் வந்து உன் கையில் மட்டும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆற்காட்டு மக்கன் பேடா கொஞ்சம் கட்டிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், போய்ச் சேர்வதற்குள் ஊரு எறும்பெல்லாம் நம்ம பின்னாடியே வரும் அக்கா என்று சிரித்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறார்கள், பத்திரமாக இருக்கும் என்று. அதோடு இந்த மாதக் கடைசிக்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இன்னும் மூன்று வருஷம், வேறு எங்கேயும் வேலைக்குப் போகக் கூடாது, அந்த முதியோர் இல்லத்தின் விடுதியிலேயேதான் தங்க வேண்டும் என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்தாய் ஜீவா. அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடவில்லை. சின்ன வயசில் காய்ச்சல் அடிக்கும்போது ஸ்கூலுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒன்றும் இல்லம்மா என்று சிரிப்பாயே, அதே சிரிப்பு.

நான் இப்படிப் பயப்படுவதற்கு நான் நடத்துகிற பாடமும் ஒரு காரணம் என்று அப்பா சொல்கிறார். இருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலாந்துக்காரர்கள் கடல் கடந்து குடியேறிய கதை நடத்திக்கொண்டிருக்கிறேன். பாடப் புத்தகத்தில் அமெரிக்கக் கரையில் அமைந்த குடியேற்றங்களைப் பற்றித்தான் இருக்கிறது, நீ போனதால் நான் வேலூர் நூலகத்துக்குப் போய் உன் தீவைத் தேடிப் படித்தேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நம் வீட்டில் முதல் பட்டதாரி நான், என் மகள் நான் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற இடத்திலேயே இருக்கிறாள் என்று. படிக்கப் படிக்க அந்தப் பெருமை போய்விட்டது. அங்கே முதலில் புகையிலையும் பருத்தியும் போட்டார்களாம், அது சரியாக வரவில்லை என்று கரும்புக்கு மாறினார்களாம். சோறுகூடக் கப்பலில் வர வேண்டிய அளவுக்கு மண் முழுக்கக் கரும்பு. கரும்புக்காகக் காட்டை வெட்டித் தீர்த்ததும், அந்தச் சின்னத் தீவில் ஓடிப்போகிறவன் ஒளிந்துகொள்ள ஒரு மரத்தடி இல்லை. வேலைக்கு இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏழைப் பிள்ளைகள் கப்பல் கட்டணத்துக்குப் பதிலாகச் சில வருஷம் உழைக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு வந்தார்கள். ஓடிப்போய்ப் பிடிபட்டால் வருஷம் கூடும், முதலாளியைக் கேட்காமல் கல்யாணம் செய்தால் வருஷம் கூடும். அங்கே சட்டசபையும் இருந்தது, ஆனால் நிலம் உள்ளவனுக்குத்தான் ஓட்டு, நியாயம் சொல்ல உட்கார்ந்தவனும் தோட்ட முதலாளிதான். முதலாளி அடித்தால் பக்கத்துத் தோட்டத்து முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த ஜனங்களுக்கோ வருஷக் கணக்கே இல்லை, சாகும்வரைதான், அவர்கள் பிள்ளைகளுக்கும் அதேதான். அவர்கள் பட்டதோடு உன் நிலையை வைத்துப் பேசினால் பாவம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் வேலை கொடுக்கிறவனே சோறும் படுக்கையும் சட்டமும் கொடுக்கிற இடம் என்று படித்ததும் உன் விடுதிதான் கண்முன் வந்தது.

வகுப்பில் மோகனா என்று ஒரு பெண், அவங்கல்லாம் ஏன் டீச்சர் திரும்பி ஊருக்குப் போவல என்று கேட்டாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, உங்க மாமாவா வந்து கப்பல் டிக்கெட் எடுத்துக் குடுப்பாரு என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் படித்தேன். அந்தக் காலத்து ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவில் வளைந்து வளைந்து வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி வைத்துக்கொள்வார்களாம், பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க. எழுதப் படிக்கத் தெரியாமல் கப்பலேறியவன் கையில்கூட ஒரு பாதி இருந்திருக்கிறது ஜீவா. நீ முதல் ஒப்பந்தத்தின் நகலாவது வாங்கினாயா என்று கேட்டேன், அதுவும் ஆபீஸில்தான் இருக்கிறது என்றாய்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது அந்த ஊர்ச் சட்டம் போல என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். மேகலாவைக் கேட்டதும் அதுவும் போய்விட்டது. யாரு சொன்னது அக்கா, என்னுது என் பையிலதான் கீது பாருங்க என்று எடுத்துக் காட்டினாள். உன் இடத்தில் மட்டும்தான் இந்தப் பழக்கம். அதை அப்பாவிடம் சொன்னேன். இன்னா அமிர்தா இதுக்குப்போய் பேஜார் பண்ற, என் ஆதார் கார்டு இத்தினி வருஷமா மேஸ்திரி பீரோவுலதான் கீது, காணாமலா பூட்ச்சி என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோல் டேனரியில் வேலைக்குச் சேரும் அன்றைக்கே கார்டை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுவது நம் தெருவில் வணக்கம் சொல்வது மாதிரி. கொடுக்காதவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்தத் தெருவில் வளர்ந்த பெண்ணிடம் ஆபீஸில் பாஸ்போர்ட்டைக் கேட்டால் அவள் ஏன் என்று கேட்பாளா, இரண்டு கையாலும் நீட்டியிருப்பாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன்னைக் கேட்கச் சொல்வதற்கு முன்னால் கேட்டால் என்ன ஆகும் என்று நானே பார்க்க நினைத்தேன். அப்பா கேட்க மாட்டேன் என்றுவிட்டார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நானே டேனரி கேட்டுக்குப் போனேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் வாய் திறக்காதவள், உனக்குத்தான் தெரியுமே. ராமலிங்கம் மேஸ்திரி வெளியே வந்து, இன்னா டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரன் வேலு எங்கனா ஓடிப் போய்ட்டானா என்றார். கார்டு வேண்டும் என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். எதுக்கு என்றார். அவருடையது, அதனால்தான் என்றேன். தோல் ஊறுகிற டிரம் பக்கம் நின்றிருந்த கலீமுல்லா பாய், குடுத்துடு மேஸ்திரி, டீச்சரு அப்புறம் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க என்றதும் எல்லாரும் சிரித்தார்கள், மேஸ்திரி சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் இன்னும் சில பேர் தங்கள் கார்டைக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கே அப்பாவை, வேலை கம்மியா இருக்குது, சொல்லி அனுப்பும்போது வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. அப்பா என்னோடு பேசாமல் அமிர்தி காட்டுப் பக்கம் யாருக்கோ வேலி கட்டப் போய் வருகிறார்.

இதை மறைத்து, கேட்டால் ஒன்றும் ஆகாது தைரியமாகக் கேள் என்று எழுதியிருக்கலாம். பொய் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கேட்டால் முகம் சுளிப்பார்கள், வேலையை எடுத்துவிடுவோம் என்றுகூடச் சொல்வார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் வேலை போய்விடும் என்பது சின்னப் பயம். நீ வர நினைக்கிற அன்றைக்கு வர முடியாமல் போய்விடும் என்பதுதான் என்னை அடித்துப் போடுகிறது. பாஸ்போர்ட் உன் கைக்கு வராமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. தனியாகப் போய்க் கேட்காதே, மேகலாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகலில் கேள். அது இந்திய அரசாங்கத்தின் சொத்து, வேறு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, இதை மட்டும் சொல்லிவிட்டு அங்கேயே நில். தரவில்லை என்றால் அங்குள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மேகலா கூட்டிப் போவாள், இடம் அவளுக்குத் தெரியும்.

இரவில் வெறுங்காலோடு நடக்காதே, தலைக்கு எண்ணெய் வை. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, திங்கட்கிழமைக்கு அப்புறம் இப்போதுதான் வாய் திறந்தார். வேல போனா போவட்டும், நாங்க இல்லியா, வந்துடச் சொல்லி எழுது என்றார். எழுதிவிட்டேன். எந்தக் குறையும் அண்டாமல் நீ நூறு வயசு நன்றாக இரு. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அது வரும்வரை நான் போனைக் கீழே வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
வே. அமிர்தவள்ளி