லோயர் ஐயாவின் காரும் இரண்டு வயர்களும்

அலவத்துகொட
1980 ஒக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை

மஸீனாவின் வாப்பாவுக்கு, பஸீஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். ஜித்தாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீரை நிறையக் குடியுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மஸீனாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். நல்ல செய்தி இவ்வளவுதான். மிச்சத்தை ஓரிடத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

பயணம் போகுமுன் நம் கராஜில் கடைசியாகப் பழுது பார்த்தீர்களே, கண்டி கோர்ட் லோயர் செல்லப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அது நாசமாகிவிட்டது. நீங்கள் போய்ப் பத்து நாளில் அவருடைய டிரைவர் இராமையா அதைக் கொழும்பிலிருந்து தனியாக ஓட்டி வந்திருக்கிறார். கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னால் ஒரு சீமெந்து லொறி ஊர்ந்துகொண்டு போனதாம். முந்திப் போகவும் வழியில்லை. கார் கொதித்து, பொனட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. பதறிப்போய் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். கொதிதண்ணீர் பீய்ச்சியடித்து வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. எஞ்சின் ஹெட்டும் வெடித்துப் போனது.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் அந்த மனிதர், தாஸிம் நானா நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்களா என்று உங்களைத்தான் முதலில் கேட்டார். எனக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தண்ணீர் பார்க்காமல் காரை ஓட்டினான் என்று லோயர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தன் வீட்டுக்குப் பின்னால் கொடுத்திருந்த அறையையும் மாதக் கடைசிக்குள் விட வேண்டுமாம். அவர் மனைவி பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்க எங்க போறது தங்கச்சி, இந்தியாவுக்கே எழுதிக் குடுத்துட்டுக் கப்பல் ஏறிடுறோம் என்றார். நாளை மறுநாள், இந்தியாவுக்கே திரும்பிப் போகச் சம்மதம் என்கிற அந்தப் பேப்பரில் கையெழுத்து வைக்கப் போகிறார்கள். இராமையா பிறந்தது இங்கே கலஹாத் தோட்டத்தில். இந்தியாவில் அவருக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது.

தண்ணீர் குறைந்ததால் கார் கொதிக்கவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மறந்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடாது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பழைய ஃபேனின் தகடு வெடித்திருந்தது. அந்தக் கிழட்டு இங்கிலீஷ் காருக்குப் புதுசு எங்கும் கிடைக்காததால், உடைந்த ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய கரண்ட் ஃபேனைப் பூட்டினீர்கள். அது சரியாக உட்காரவில்லை. ரேடியேட்டரில் உரசுகிறது என்று தாங்கியை இரண்டு தடவை வெட்டி ஒட்டினீர்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் பிளேன்டீ கொண்டுவந்தபோது, முன்னுக்கு ஒரு பேப்பரைப் பிடி பஸீஹா என்றீர்கள். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் பேப்பர் காரின் முன் கம்பிக் கிறில்லில் ஒட்ட வேண்டும். அது பறந்து என் மூஞ்சியில் அடித்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஜப்பான் காரில் பெட்டரியின் நெகட்டிவ்தான் காரின் இரும்பு பொடிக்குப் போகும், இதில் பொசிட்டிவ் போகும், பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன், அதனால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை வெளியே தள்ளுகிறது, இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினால் சரி என்றீர்கள்.

அப்போது ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னது. பள்ளியால் வரும்போதே, உங்களை ஜித்தாவுக்கு அனுப்பும் ஏஜென்டின் ஆள் வாசலில் நின்றார். நாளைக்கே பிளேன் என்றார். அதற்குப் பிறகு உங்களுக்கு நின்று மூச்சுவிட நேரமில்லை. பயணம் போகிறவர் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மாப்புக் கேட்காமல் போகலாமா என்று அக்குறணை வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். அந்த வயர்கள் அப்படியே கிடந்தன. எனக்கும் நினைவு வரவில்லை, உங்கள் சூட்கேசைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் மேலும் குற்றம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இராமையா வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏற்றமில்லாத ரோட்டில் ஓடும்போது படுகிற காற்றே போதுமாயிருந்திருக்கும். ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதும் எல்லாம் முடிந்தது.

உங்கள் தம்பி சாஹுல் ஹமீது செய்ததையும் கேளுங்கள். பழுதான காரைக் கட்டி இழுத்து நம் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். லோயர் வந்து பார்க்குமுன் தம்பி பொனட்டைத் திறந்து அந்த இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினார். குசினி ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லோயருக்கு முன்னால் ஃபேனைப் போட்டுப் பேப்பரைப் பிடித்துக் காட்டினார். பேப்பர் ஒட்டியது. வல்லாஹி, நானா பூட்டின மாதிரியே ஈக்கி, டிரைவர்தான் தண்ணி பாக்கல்ல என்று சத்தியமும் பண்ணினார். சீ, என்ன மனிதர்! நான் பிடித்து ஏசினேன். நானாட பேர் கெட்டா கராஜுக்கு ஒத்தரும் வர மாட்டாங்க மதினி, வாய வச்சிக்கொண்டு சும்மா இரிங்கோ என்கிறார். என்னால் சும்மா இருக்க முடியாது.

நீங்கள் ஒரு கெடுதலும் செய்திராத நாற்பது வீட்டில் மாப்புக் கேட்டீர்கள். கேட்க வேண்டிய வீடு ஒன்றுதான், அங்கே இனித்தான் கேட்க வேண்டும். நாளைக் காலையில் லோயரிடம் போகிறேன். கோபம் வந்தால் கோபப்படுங்கள்.

புதன்கிழமை மாலை

போய்விட்டு வந்தேன். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே அவர் வீட்டுக்கு நடந்தேன். லோயர் ஐயா மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தி, முழுவதையும் கேட்டார். ஆனால் நம்பவில்லை. பேப்பர் ஒட்டினதை நான் என்ர கண்ணால பாத்தனான் பிள்ளை, நீர் அந்த மனிசியில இரக்கப்பட்டுக் கதைக்கிறீரோ தெரியாது என்றார். வயர் மாற்றினதை நான் கண்டேன் என்று சொன்னேன். உம்மட மச்சினன் ஒண்டு சொல்லுறார், நீர் ஒண்டு சொல்லுறீர், பூட்டின ஆள் தன்ர கையால எழுதட்டும், எழுதினா இராமையாவைத் திரும்ப எடுக்கிறன், மாசக் கடைசி மட்டும் பொறுப்பன் என்று முடித்துவிட்டார்.

பின்பக்க அறைக்குப் போய், ஆஸ்பத்திரியால் வந்துவிட்ட இராமையாவிடமும் பேச்சியம்மாவிடமும் உண்மையையும் லோயர் கேட்ட கடிதத்தையும் சொன்னேன். ஏசுவார்கள் என்று நினைத்தேன். பேச்சியம்மா, நானா எழுதுவாங்களா என்று மட்டும் கேட்டார். எழுதுவார் என்றேன். உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அதை நம்பி நாளைய கையெழுத்தை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஜித்தாவிலிருந்து கடிதம் வரப் பத்து நாள் எடுக்கிறது. இது கிடைத்த அன்றைக்கே எழுதித் தபாலில் போட்டால்தான் முப்பத்தோராம் திகதிக்குள் வரும். தம்பியைக் கேட்டு எழுத நினைக்காதீர்கள். எனக்கும் எழுத வேண்டாம், லோயருக்கு எழுதுங்கள். நாலு வரி போதும். கராஜ் மூடினால் மூடட்டும், நான் தையல் மெஷினில் உட்காருவேன். என் வாப்பா உங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தது கராஜைப் பார்த்து இல்லை.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு வைப்பானாக. பேனாவை எடுக்கும்போது உங்கள் கையை நடுங்காமல் வைப்பானாக.

உங்கள் பதிலை நம்பி வாக்குக் கொடுத்துவிட்ட,
பஸீஹா