நடுவில் ஆளில்லாத பெட்டி

இன்று காலை நந்தனம் அலுவலகத்தில் பிரின்டரிலிருந்து வந்த தாளை எடுத்தேன். சூடு ஆறவில்லை, மை வாசனை வேறு. தாள் முழுக்க பாக்ஸ் பிளாட்; ஒரு கூட்டத்தின் எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பெட்டியின் உயரத்திலும், நடு எண்ணை ஒரு கோட்டிலும் காட்டும் படங்கள். திரையில் பார்த்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நீ மட்டும் அச்சடித்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோய், ஒவ்வொரு பெட்டியையும் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். நீ போய் இரண்டு வருடமாகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கோபாலபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன். அடையாற்றங்கரையில் இருந்த உங்கள் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டார்கள். நீ இரண்டு பஸ் மாறி வருவாய். வந்ததும் மூச்சு வாங்கியபடி, "இன்னாடி, ஓடிச்சா?" என்பாய். முந்தின நாள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் போன கணக்கு முடிந்ததா என்று அர்த்தம். பஸ்ஸில் நின்ற களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அந்த வலிப்பு மருந்து வேலை நினைவிருக்கும் உனக்கு. அது உடலை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று கணிக்கும் மாடல் ஒன்றைக் கட்டியிருந்தோம். மாடல் சொன்னதிலிருந்து ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு விலகுகிறார் என்பதை ஆண், பெண், கூடவே இன்னொரு மருந்து சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர் என்று பிரித்துப் பெட்டி பெட்டியாக வரைவோம். பெட்டியின் நடுக்கோடு பூஜ்யத்தில் இருந்தால் நிம்மதி. பெட்டி கீழே இறங்கியிருந்தால் அந்த வகையினருக்கு மருந்து மெதுவாக வெளியேறுகிறது. வழக்கமான அளவைக் கொடுத்தால் உடம்பில் தேங்கிவிடும்.

ஏறக்குறைய எல்லாமே பூஜ்யத்தில்தான் இருந்தன. 'சாப்பிடுகிறவர்' பெட்டி மட்டும் கொஞ்சம் கீழே. அதில் நாலைந்து பேர்தான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டேன். அன்று மாலை அறிக்கை போகவேண்டும்.

"நில்லுடி. இந்த 'சாப்பிடாதவர்' பொட்டி இன்னாத்துக்கு இம்மாம் ஒசரமா கீது?"

"நிறைய பேர் இருக்காங்க, அதான்."

"நிறைய பேர் இருந்தா பொட்டி வளராது. உள்ள கீற ஆளுங்களக் காட்டு."

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புள்ளி வைத்து, பெட்டியின் மேலேயே மறுபடி வரைந்தேன். மேலே ஒரு கும்பல், கீழே ஒரு கும்பல். நடுக்கோடு சரியாகப் பூஜ்யத்தில். அந்த இடத்தில் ஒருவர்கூட இல்லை.

"பாருடி! நடுவுல ஆளே இல்ல!"

நீ மேஜையைத் தட்டிக் கத்தியதில் அறையே திரும்பிப் பார்த்தது. எனக்கும் உடம்பெல்லாம் பரபரத்தது. கீழ்க்கும்பலின் நோயாளி எண்களை நீ ஒவ்வொன்றாகப் படித்தாய், நான் பட்டியலில் தேடினேன். எல்லோரும் ஒரே மருத்துவமனை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மருத்துவமனைப் பட்டியலில் 'வேறு மருந்து' என்ற இடம் காலியாக வந்திருந்தது. காலியாக இருந்ததிலெல்லாம் 'இல்லை' என்று நிரப்பியது நான்தான். ஒரு போன் பண்ணிக் கேட்கச் சோம்பல்.

உன்னிடம் சொன்னேன். நீ கோபிக்கவில்லை. "மேனேஜராண்ட நீயே சொல்லு. நான் சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆய்டும். பக்கத்துல நிக்கிறேன், வா." சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய். அவர் முகம் சுருங்கியது, ஆனால் அறிக்கையை நிறுத்திவைத்தார்.

நாலு நாளில் அந்த மருத்துவமனையிலிருந்து விவரம் வந்தது. கீழ்க்கும்பலில் கிட்டத்தட்ட அத்தனை பேரும் அந்த இன்னொரு மருந்தையும் சாப்பிட்டவர்கள். அவர்களைச் சரியான இடத்துக்கு மாற்றி வரைந்தோம். உயரமாக இருந்த பெட்டி ஒடுங்கி மேலே போனது. நாலைந்து பேர் இருந்த பெட்டி நிரம்பி, முழுசாகக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோமே! அந்த மருந்தை மாடலில் சேர்த்ததும் இரண்டு பெட்டியும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. இரண்டு மருந்தும் சாப்பிடுகிறவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும் என்ற வரி அறிக்கையில் ஏறியது. அன்று சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதியில் பஜ்ஜி தின்றபடி சொன்னாய்: "யாரோ ஒருத்தங்க இனிமே தல சுத்தி உழமாட்டாங்கடி."

பிறகு ஒரு காய்ச்சல். பத்து நாள். நீ இல்லை.

இப்போது குழு என் பொறுப்பில். போன வாரம் என்னைவிட வயதில் மூத்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், நோயாளிங்க எடையெல்லாம் தப்பாப் போட்டுட்டேன் போலிருக்கு." திட்டத்தான் போகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். எனக்கோ ஒரே குதூகலம். கண்டுபிடித்துவிட்டார் அல்லவா, இனிச் சரிசெய்துவிடலாம்! உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட சந்தோஷம் இது. என்னை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "எங்கே, காட்டுங்க" என்றேன்.