கொலு எடுத்த மறுநாள்

இன்று காலை உன் சேலை என் கையில் கிழிந்தது. துவைப்பதற்காக, முன்னறை ஜன்னலில் திரையாகத் தொங்கிய அதைக் கழற்றினேன். இழுத்த இடத்திலிருந்து மேலும் கீழுமாக, சத்தமே இல்லாமல், இற்றுப்போன துணி பிரிந்துகொண்டே போனது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பல வருடத்துப் புழுதி, மழைக்கால ஈரம், அடியில் எங்கோ அந்துருண்டை. உன் வாசனை இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. திரை இல்லாததால், எதிர்க் கட்டடத்துக்காரர் நான் இதை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ இருந்தால் கிழிந்ததைக் குறுக்கே மடித்து இரண்டு தலையணை உறை தைத்து, மிச்சத்தை மிக்ஸிக்குப் போர்த்தியிருப்பாய். எனக்கு அந்தக் கை கிடையாது. அது எனக்கே நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரே ஒரு முறை, அந்தக் கை எனக்கும் இருப்பதாக நினைத்துக்கொண்டு உன் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

தொண்ணூற்றிரண்டில், மராட்டி பேசும் சாங்வியில் இந்தக் கட்டடத்தின் பெயின்ட் நெடி அடங்குவதற்கு முன்பே, மூன்றாம் மாடியின் எதிரெதிர்க் கதவுகளுக்கு நாம் குடிவந்தோம். நான் கல்லூரியில் பௌதிகம் நடத்துபவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஐம்பத்திரண்டு வயது. நீ மதுரைக்காரி; கட்கியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து கணவரோடும் பள்ளியில் படிக்கும் மகளோடும் வந்தவள். வந்த மறுநாள் என் முன்னறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாய். மேஜை, நாற்காலி, புத்தக அலமாரி, காலண்டர்.

"இது வீடா டீச்சர், ஸ்டாஃப் ரூமா?"

"உட்கார நாற்காலி இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"பெல் அடிச்சா எந்திரிச்சுப் போயிரலாம்போல இருக்கு."

அந்த வாரமே என் மேஜை சுவரை விட்டு ஜன்னலடிக்குப் போனது. அலமாரி அறையின் குறுக்கே நின்று, படிக்க ஒரு மூலையையும் வந்தவர்கள் உட்கார ஒரு மூலையையும் பிரித்தது. நீ கட்டிப் பழசான சுங்குடிச் சேலையை இரண்டாக வெட்டி, ஓரம் அடித்து ஜன்னலில் தொங்கவிட்டாய். கடைக்குப் போய் எதையும் வாங்கக் கூடாது என்பது உன் சட்டம். "சாமான் பழசில்லடி, அது இருக்கற இடம்தான் பழசு" என்பாய். அந்த 'டி' வருவதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கும் பதிலுக்கு வந்துவிட்டது; அதற்கு முன் யாரையும் நான் அப்படி அழைத்ததில்லை.

உன் வீட்டில் அந்தச் சட்டம் வருடத்துக்கொரு முறை முழு அதிகாரத்தோடு அமலுக்கு வரும். நவராத்திரிக்காக முன்னறையைக் காலி செய்வோம். கல்யாணத்துக்கு உனக்குக் கொடுத்த டிரங்குப் பெட்டி, பெஞ்சு, பலகைகள் எல்லாம் கொலுப்படிகளாகும். நாலாம் படிக்கு என் பௌதிகப் புத்தகங்கள் முட்டுக் கொடுக்கும். மேலே உன் கணவரின் வேட்டி விரியும். பொம்மைகளை எடுத்துக் கட்டிவைத்த மறுநாள், மற்றவர்கள் சாமான்களை முன்பிருந்த இடத்தில் திருப்பி வைப்பார்கள். உன் வீட்டில் எதுவும் போன வருடம் இருந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது.

"அங்கிட்டுத் தள்ளு. இன்னும் கொஞ்சம் அங்கிட்டு."

"அளந்துட்டுத் தள்ளலாமே. பீரோ கதவு திறக்குமான்னு பார்க்க வேண்டாமா?"

"அளந்து பாத்தா வராது. தள்ளிப் பாத்தாத்தான் வரும்."

எரிச்சலூட்டும் வகையில், வந்தது. டிரங்குப் பெட்டியின் மேல் இரண்டு பழைய மெத்தைகளை மடித்துப் போட்டு, சோலாப்பூர் போர்வையால் இறுக்கிச் சொருகினால் சோபா. பித்தளைத் தவலையைக் கவிழ்த்துப் பலகை வைத்தால் டீப்பாய். ஊறுகாய் ஜாடியில் மயிலிறகு. கீழ் வீட்டு மராட்டிப் பெண்கள் வந்து, சோபாவைத் தடவிப் பார்த்து, "நவீன் கேத்லா கா?" என்று கேட்பார்கள், புதிதாக வாங்கியதா என்று. "நாஹி, ஜுனாச் ஆஹே" என்பாய், பழசுதான் என்று, ஏதோ பட்டம் வாங்கியவளைப்போல. உனக்குப் பிழையில்லாமல் வந்த ஒரே மராட்டி வாக்கியம் அது.

இரண்டாம் வருடம், மின்வெட்டு இருந்த ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், உன் கணவர் ஷிப்டு முடிந்து வந்து, காலையில் நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இல்லை. தரையிலிருந்தபடியே, கோபமில்லாமல், "டீச்சரம்மா, வீட்டுக்கு ஒரு மேப்பு போட்டுக் குடுத்துருங்க" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதை நான் வேலையாக எடுத்துக்கொண்டேன். கிராஃப் தாளில், ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில், உன் முன்னறையை வரைந்து கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். அதிலிருந்து ஒவ்வொரு கொலுவுக்குப் பிறகும் ஒரு புதுத் தாள். பழையது என் கோப்பில் சேரும். இரண்டாயிரத்து நாலு வரை பன்னிரண்டு தாள்கள். அதற்கு முந்திய வருடமே உன் கணவர் இறந்துவிட்டிருந்தார். அந்த வருடத்திலும் நீ நிறுத்தவில்லை.

நிறுத்தியது இரண்டாயிரத்து ஐந்தில். பொம்மைகளைக் கட்டி முடித்தபின் நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றேன். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய்.

"இருந்த எடத்துலயே இருக்கட்டும்டி."

"ஏண்டி, வயசாயிட்டதா?"

"எது எங்க இருந்துச்சுன்னு நீயே பாத்து வச்சிரேன்."

தாளைப் பார்த்துப் பழையபடி வைத்தேன். உன்னைச் சோம்பேறி என்று திட்டவும் செய்தேன். நீ சிரித்தாய், அந்தச் சிரிப்பில் வழக்கமான திமிர் இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. சில மாதங்களில் குழம்புக்கு இருமுறை உப்புப் போட்டாய். ஔந்துக்குப் போன பஸ்ஸில் இறங்காமலே உட்கார்ந்திருந்தாய். மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் நீ நன்றாகவே இருந்தாய். சுவிட்சு உன் கைக்குத் தானாக வந்தது. வெளியே வழி தவறிய நீ, வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் தவறியதே இல்லை. அதற்கு அர்த்தம் என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தாய். சாவி என்னிடம் இருந்தது. உன் முகத்தில் பழைய வெளிச்சம் வர வேண்டுமென்றால் வீட்டை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தளேகாவில் கணவன் வீட்டிலிருந்து உன்னைப் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த உன் மகளிடம் சொன்னேன்.

"அம்மாக்குப் பிடிக்கும்ல ஆண்டி?"

"அவளுக்குப் பிடிக்காம வேற யாருக்குப் பிடிக்கும்?"

மூன்று நாள் வேலை செய்தோம். உன் சட்டத்தை ஓர் எழுத்துக்கூட மீறவில்லை. எதையும் வாங்கவில்லை. பீரோ ஜன்னல் சுவருக்கு வந்தது. திவான் வாசலைப் பார்த்துத் திரும்பியது. பெட்டியிலிருந்த கல்யாணக் கூறைச் சேலையை எடுத்துத் திவானில் விரித்தேன். பதினான்கு வருடம் உனக்குக் கூலியில்லாத உதவியாளாக இருந்தவள் தானே செய்த முதல் வீடு. நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நோயாளியின் வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்கவில்லை. எதையும் மாற்றுவதற்கு முன் கேள் என்று முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களை விரட்டியவள் நான்.

நீ வாசலில் செருப்பைக் கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்தாய். சொந்த வீட்டில் நீ செருப்பை அப்படிச் சேர்த்து வைத்ததே இல்லை. உள்ளே வந்து, சுற்றிலும் பார்த்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினாய்.

"வீடு அழகா வச்சிருக்கீங்க."

கிண்டல் என்று நினைத்து நான் சிரித்தேன். நீ திவானின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்தாய். பிறகு மகளிடம், மெதுவாக, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் சொன்னாய்:

"நேரமாச்சு. கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போவோம்."

அன்று மாலைக்குள் உன் முன்னறையைப் பன்னிரண்டாம் தாளின்படி, மயிலிறகு உட்பட, திருப்பி வைத்தோம். மறுநாள் காலை நீ எழுந்து வந்து, அதே மரியாதையோடு, "அழகா இருக்குங்க. நாங்க கெளம்புறோம்" என்றாய். அப்போதுதான் எனக்கு அந்தப் பைத்தியக்காரத்தனம் தோன்றியது. நீ தேடும் வீடு இதற்கு முந்திய ஏதோ ஒரு வருடத்து வீடாக இருக்கலாம். எல்லா வருடங்களும் என் கோப்பில் இருக்கின்றன. பதினொன்றாம் தாள், பத்து, ஒன்பது. இரண்டரை வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், உன் வீட்டைப் பின்னோக்கித் தள்ளினோம். ஒவ்வொன்றையும் நீ பாராட்டினாய். ஒவ்வொன்றிலிருந்தும் கிளம்பினாய். மருத்துவர் விஷயம் தெரிந்து, முதல் வருட மாணவியிடம் பேசுவதைப்போல என்னிடம் பேசினார். நியாயம்தான். இந்த நிலை எப்படியும் ஒரு நாள் வந்திருக்கும், சற்று முன்னதாக வந்துவிட்டது என்றும் சொன்னார். அந்தச் 'சற்று' எத்தனை மாதம் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்.

மூன்றாம் தாளின்போது உன் மகள் பெஞ்சைப் பாதி வழியில் விட்டுவிட்டாள். முதல் வார்த்தை அவளுக்கு மராட்டியில் வந்தது.

"பஸ், ஆண்டி. போதும். அம்மா எந்த வீட்ட கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியல, உங்களுக்கும் தெரியல. குவார்ட்டர்ஸா இருக்கலாம். மதுரையா இருக்கலாம். அதுக்கெல்லாம் உங்க கிட்ட மேப் இருக்கா?"

இல்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதி வழியில் கிடந்த பெஞ்சை நான் தனியாகத் தள்ளினேன். அறுபத்தாறு வயதில் அது நகரவில்லை. அப்போது திவான் நுனியிலிருந்து நீ எழுந்தாய். பையைக் கீழே வைத்தாய். பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தாய்.

"தூக்காதீங்க, இடுப்புப் பிடிச்சுக்கும். இழுங்க."

இழுத்தேன். பெஞ்சு மூன்றாம் தாளில் இருந்த இடத்தைத் தாண்டிப் போனது; நான் நிறுத்தவில்லை. அது முடிந்ததும் நீயே நாற்காலியைத் திருப்பினாய், தவலையை நகர்த்தினாய், தலையைச் சாய்த்துப் பார்த்து மறுபடி நகர்த்தினாய். அரை மணி நேரம் இருக்கும். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்காரி பேசும் குரலில் சொன்னாய்:

"ரொம்ப வேலை வாங்கிட்டேன் ஒங்கள. உக்காருங்க, காப்பி போட்டு எடுத்தாரேன்."

உள்ளே போனாய். சமையலறையை நான் எந்தத் தாளிலும் வரைந்ததில்லை; அது இடம் மாறியதே இல்லை. நீ இரண்டு கதவுகளுக்கு நடுவில், சுவரில் கையை வைத்தபடி, எது என்று தெரியாமல் நின்றாய். உன் மகள் எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அம்மாக்குத் தெரியாது ஆண்டி."

"உட்காரு. காப்பி போடறேன்னு சொல்லியிருக்கா."

உதவி செய்திருக்க வேண்டும் என்பவர்கள் சொல்லட்டும். நான் எழுந்து வழிகாட்டியிருந்தால் அந்த நொடியே நீ மறுபடி யாரோ ஒருவருடைய வீட்டுக்கு வந்தவளாகியிருப்பாய். ஆகவே உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரத்துக்குப் பிறகு நீ வெறுங்கையோடு திரும்பி வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க?" என்றாய்.

"இப்பத்தான்" என்றேன்.

மறுநாள் நீ பையைத் தேடினாய். அதற்குப் பிறகு நடந்தவற்றை உனக்கு எழுதுவதில் பொருளில்லை. நான் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் நீ, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசும் மரியாதையோடு, "அதனால என்னங்க, பரவாயில்ல" என்றாய். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் உன் வீட்டில், உன் விருந்தாளியாக, வராத காப்பிக்காக உட்கார்ந்திருந்த அந்த நேரம் இருக்கிறதே, அதை மட்டும் வைத்த இடத்திலிருந்து நான் நகர்த்துவதில்லை.