சந்தை மண்டபத்துக்காக நீர் சொன்ன பொய்

ராவுத்தரே, யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே இந்தக் கதையைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தின்மேல் ஆணை. இன்று காலை உம் மகன் வீடு தேடி வந்து, நீர் துணி அளக்கும் இரும்புக் கஜக்கோலை என் கையில் வைத்தான். உம்மை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறதாம். கோல் சில்லென்று இருந்தது. வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"பொய்சாட்சி சொல்லிட்டேன்னு அத்தா கடைசி வரைக்கும் பொலம்பிட்டே இருந்தாங்க மாமா. என்ன சாட்சின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது தம்பி என்றேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

தெரியாமல் என்ன? மண்ணச்சநல்லூருக்கு அப்பால் நாம் வாராவாரம் கடை போட்ட கல்மண்டபம்தானே. நீர் துணி, நான் பித்தளைப் பாத்திரம். கூரைக்கல்லில் விரிசல் விட்டதால் மண்டபத்தை இடித்து, கல்லைச் சாலைப் பாலத்துக்கு எடுக்க முடிவாகி, பார்த்து எழுத ஓவர்சியர் வந்தார். இடித்தால் அத்தனை கடையும் வெயிலில். பழங்காலத்து மண்டபம் என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்கள் என்றார்கள். சரித்திரம் என் இலாகா.

கொள்ளிடம் தாண்டி வந்த சோழன் படை மழைக்கு ஒதுங்க ஒரே பகலில் எழுப்பிய மண்டபம் என்றேன். தூண் நடும்வரை நாற்பது யானைகள் கூரையைத் தும்பிக்கையில் தாங்கி நின்றன, அதற்குள் அடியில் சந்தை கூடிவிட்டது, ஒரு யானை தும்மியதில் விழுந்ததே இந்த விரிசல் என்றேன். ஓவர்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அடையாளம் ஏதாவது உண்டா என்றார்.

மூலைத்தூணின் அடியைக் காட்டினேன். இரண்டு சிலுவைக்குறி, நடுவே நீளமாக ஒரு கோடு. அந்தக்காலத்து அளவுகோல் என்றேன். முந்தின நாள் மத்தியானம் நானே உளியால் வெட்டி, புளி போட்டுத் தேய்த்துப் பழசாக்கியதாக உம்மிடம் மட்டும் பீற்றியிருந்தேன். நீர் சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குக்கூட நான் பொய் சொன்னதில்ல. என்னை இழுக்காதேயும்" என்றீர்.

ஓவர்சியர் என்னை நம்பாமல் கூட்டத்தைக் கேட்டார். எல்லாரும் உம்மைக் கைகாட்டினார்கள். ராவுத்தர் சொன்னால் சரி. நீர் குறியைப் பார்த்தீர். பக்கத்தில் வெற்றிலைக்காரி கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"ஆமாங்க. எங்க அத்தா காலத்துலேயே இருந்துச்சு" என்றீர். அவர் எழுதிக்கொண்டார். மண்டபம் இன்றும் நிற்கிறது.

அடுத்த வாரமே நீர் அந்தத் தூணைவிட்டுக் கடையை மாற்றினீர். பொய்சாட்சி ராவுத்தரே என்று வருஷக்கணக்கில் உம் காதோடு சொல்லிச் சிரித்தேன். நீர் துணியை மடித்துக்கொண்டிருப்பீர். "தொழுகையிலயும் அதுதான்யா வந்து நிக்குது" என்றீர் ஒருநாள். அதற்கும் ஒரு யானைக்கதை சொன்னேன்.

இப்போது கேளும். யானை பொய். தும்மல் பொய். என் உளிவேலையும் பொய். கோடு வெட்டுவதற்காகத் தூணடியில் சுண்ணாம்பைச் சுரண்டினேன். அடியில் அந்தக் குறி ஏற்கெனவே இருந்தது, விளிம்பெல்லாம் தேய்ந்து. ஓர் அடிகூட நான் அடிக்கவில்லை. என் கைவேலை என்று சொல்லிக்கொள்ள ஆசை, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். இன்று உம் மகனிடமும் வாய் வரவில்லை.

சொல்லாமல் வைத்திருப்பது ஒரே ஒரு வரி. நீர் சொன்னது நிஜம், ராவுத்தரே.